போர்டு கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால், தூக்கிப் போடுவதற்கு முன்

நேற்று வரை நன்றாக ஓடிய ஆர்டுயினோ (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு) இன்று கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள், அப்புறம் புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருளான ஐடிஇ-யை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் புது போர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். நான் ஒரு காலேஜ் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். புராஜெக்ட் நேரத்தில் இப்படிக் கைவிட்ட போர்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும், அவற்றில் உண்மையிலேயே செத்துப்போனவை கொஞ்சம்தான். மாணவர்கள் கைக்காசு போட்டு வாங்கியவை என்பதால் எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஒன்றாவது தெரிகிறதா? போர்டில் குத்தியிருக்கும் சென்சார், மோட்டார், ஜம்பர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். லினக்ஸ் என்றால் டெர்மினலில் டிமெசெக் கட்டளையை (sudo dmesg -w) ஓடவிட்டுச் செருகுங்கள், ஒவ்வொரு வரியாக வந்து விழும்.

ஒரு வரிகூட வரவில்லை, ஆனால் போர்டில் பவர் எல்இடி மட்டும் எரிகிறது என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சார்ஜ் செய்ய மட்டும் வரும் கேபிள்களில் டேட்டா ஒயர் இரண்டும் இருக்காது, கரண்ட் போகும், வேறெதுவும் போகாது. அதே கேபிளில் போனை இணைத்து ஒரு போட்டோவைக் காப்பி பண்ண முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கேபிள் நல்லதுதான் என்றால், யூஎஸ்பி சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டுகளில் சால்டர் விட்டுப்போவது சகஜம்.

எல்இடி எரியவில்லை, யூஎஸ்பி சிப்பைத் தொட்டால் விரல் சுடுகிறது என்றால் உடனே பிடுங்கிவிடுங்கள், கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 12 வோல்ட் மோட்டார் சப்ளை தவறிப்போய் 5 வோல்ட் பின்னில் பட்ட போர்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்.

பலரைக் குழப்புவது இன்னொரு வகை. செருகியதும் வரி வருகிறது, சிஎச்340 (விலை குறைவான போர்டுகளில் இருக்கும் யூஎஸ்பி சிப்) என்றுகூடச் சொல்கிறது, ஆனால் ஐடிஇ-யில் போர்ட் இல்லை. உபுண்டு 22.04 வந்த பிறகு எங்கள் லேபில் விலை குறைவான ஆர்டுயினோ ஊனோ, நானோ போர்டுகள் வரிசையாக இப்படி ஆயின. விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் அதே போர்டு ஒழுங்காக வேலை செய்கிறது! டிமெசெக்கைப் பார்த்தால், டிடிஒய்யூஎஸ்பி0 (லினக்ஸ் அந்தப் போர்ட்டுக்கு வைக்கும் பெயர்) உருவான கையோடு துண்டிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்திலேயே பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் நிற்கிறது. அது பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி திரைகளுக்கான புரோகிராம். சில பிரெய்லி கருவிகளும் சிஎச்340 சிப்பின் அதே அடையாள எண்ணோடு, அதாவது 1ஏ86:7523 என்று வருவதால், நம் போர்டையும் பிரெய்லி கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொள்கிறது. இணையத்தில் எல்லோரும் அந்தப் புரோகிராமையே நீக்கிவிடச் சொல்கிறார்கள், உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் சரி. லேப் கம்ப்யூட்டரில் அப்படிச் செய்யாதீர்கள், அதை நம்பி உட்காரும் மாணவர் ஒருவர் வரலாம். செருகும் கருவியை என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகளில், அந்தப் புரோகிராமுக்கான கோப்பில் அந்த எண் உள்ள வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும், போர்ட் திரும்ப வந்துவிடும். போர்ட் தெரிகிறது, அனுமதி இல்லை என்கிறது என்றால் அது வேறு விஷயம், உங்கள் யூசரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

அப்புறம் ப்ரோ மைக்ரோ என்ற சின்ன போர்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செத்துவிட்டது என்று நம்பி வீசப்படுவதில் இதுதான் அதிகம். இரண்டாம் வருட மாணவி ஒருவர் சொந்தமாகச் சின்ன கீபேட் செய்துகொண்டிருந்தார். "சார், கடைசியா அப்லோட் பண்ணேன், அதோட போயிடுச்சு சார்" என்று வந்து நின்றார். விண்டோஸில் 'அடையாளம் தெரியாத யூஎஸ்பி கருவி' என்று மட்டும் வருகிறது. ஊனோவில் யூஎஸ்பி வேலைக்கென்று தனி சிப் இருக்கிறது, நம் புரோகிராம் என்ன கூத்தடித்தாலும் போர்ட் போகாது. ப்ரோ மைக்ரோவில் இருக்கும் ஏடிமெகா32யூ4 அப்படியல்ல, நம் புரோகிராமையும் யூஎஸ்பியையும் ஒரே சிப்தான் பார்த்துக்கொள்கிறது. அவர் கையில் இருந்தது 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் போர்டு. மெனுவில் தேர்ந்திருந்தது 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ். கடிகாரக் கணக்கு தப்பினால் யூஎஸ்பியின் வேகமும் தப்பிவிடும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியாது.

போர்டில் பூட்லோடர் (புது புரோகிராமை உள்ளே ஏற்றிக்கொள்ளும் சின்ன புரோகிராம்) பத்திரமாகத்தான் இருந்தது. இந்தப் போர்டில் ரீசெட் பட்டன் கிடையாது, அதனால் ஒரு ஜம்பர் ஒயரின் ஒரு முனையை கிரவுண்டில் வைத்துக்கொண்டு மறுமுனையால் ஆர்எஸ்டி (ரீசெட்) பின்னை டக் டக்கென்று இரண்டு முறை தொட வேண்டும். இரண்டு தொடுதலுக்கும் நடுவில் முக்கால் செகண்டுக்கு மேல் போகக்கூடாது. தொட்டதும் பூட்லோடர் 8 செகண்டு விழித்திருக்கும், வேறொரு காம் எண்ணில் போர்ட் எட்டிப் பார்க்கும். அதற்குள் அப்லோட் தொடங்கிவிட வேண்டும் என்பதால், சரியான போர்டைத் தேர்ந்து, காலியான ஸ்கெட்ச் (ஆர்டுயினோ புரோகிராம்) ஒன்றை முதலில் கம்பைல் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒயர் ஒருவர் கையில், மவுஸ் இன்னொருவர் கையில். முதலில் நேரம் கூடி வரவில்லை, பிறகு ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை பிக்கோ வைத்திருப்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகினால் ஆர்பிஐ-ஆர்பி2 என்று பென் டிரைவ் போல வந்து நிற்கும். அதன் பூட்லோடர் சிப்புக்குள்ளேயே பதிந்த ரோமில் இருக்கிறது, நம் புரோகிராமால் அதை அழிக்கவே முடியாது.

ஊனோவில் போர்ட் தெரிகிறது, ஆனால் அப்லோட் ஆகவில்லை என்றால் எந்தச் சிப்பில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ரீசெட் பின்னை கிரவுண்டோடும், 0 என்ற பின்னை 1 என்ற பின்னோடும் ஒயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரில் எதையாவது அடித்து அனுப்பினால் அதுவே திரும்பி வர வேண்டும். வந்தால் யூஎஸ்பி சிப் நன்றாக இருக்கிறது, பார்க்க வேண்டியது நம் புரோகிராம் ஓடும் பெரிய சிப்பை. அது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகை என்றால் கழற்றி வேறொன்று மாட்டலாம். யூஎஸ்பி சிப்தான் போயிருக்கிறது என்றாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். யூஎஸ்பி சிப்பின் வேலையைச் செய்யும் யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூல் ஒன்றை 0, 1, 5 வோல்ட், கிரவுண்டில் இணைத்து, அதன் டிடிஆர் காலை (அப்லோட் தொடங்கும்போது போர்டை ரீசெட் செய்யும் கால்) 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டில் கொடுத்தால் அப்லோட் பழையபடி ஆகும்.

உதவி கேட்பவர்கள் தயவுசெய்து "தெரியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன போர்டு, அதில் என்ன யூஎஸ்பி சிப், செருகியதும் டிமெசெக்கில் அல்லது டிவைஸ் மேனேஜரில் என்ன வருகிறது, கடைசியாக என்ன அப்லோட் செய்தீர்கள், இந்த நாலையும் போடுங்கள்.