ஆப்பிரிக்கான்ஸ் ராப்: பிட்டர்ஐண்டரைக் கேட்கலாமா?

இசைப்பித்தன்:
ஒரு வாரமாகப் பேருந்தில் என் காதில் ஓடுவது பிட்டர்ஐண்டர்தான். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவைச் சேர்ந்த மூன்று பேர். யாக்கோ ஃபான் டெர் மெர்வ ராப் பாடுவார், பீச் ஃபான் பிளெட்சன் மின்னிசை, லூயி மின்னார் திரையில் ஓடும் காட்சிகள். பாடுவது டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில். அந்த மொழியில் 'ஜி' எழுத்தைத் தொண்டையைச் செருமுவதுபோல் சொல்வார்கள். ரகரத்தை நம்மைப் போலவே நாக்கை உருட்டிச் சொல்வார்கள். டிரம் மெஷின்மேல் இந்த இரண்டும் விழும்போது மொழியே தாளம் போடுகிறது. ஆங்கிலத்தில் பாடியிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பார்கள். 2010-ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.

நெய்தல்:
பெயரைக் கவனித்தீர்களா நண்பரே? 1899–1902 போரில் பிரிட்டிஷாரிடம் கடைசிவரை பணியாமல் நின்ற போயர்களை, அதாவது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழி வெள்ளையரைத்தான் 'பிட்டர்ஐண்டர்' என்பார்கள். அந்த இனத்தார் ஆட்சிக்கு வந்த பிறகு நடந்தது தெரியும்தானே? கறுப்பினப் பள்ளிகளில் கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆப்பிரிக்கான்ஸில் நடத்தச் சொல்லி 1974-ல் உத்தரவு போட்டார்கள். 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் பிள்ளைகள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. குண்டுபட்டு இறந்த ஹெக்டர் பீட்டர்சனுக்கு 12 வயது. அந்த மொழியில், அந்தப் பெயரோடு வரும் பாட்டுக்கு என் கால் ஆடாது.

கூடல் நகரான்:
நெய்தல், அந்த மொழியை ஏன் வெள்ளையருக்கே எழுதிக் கொடுக்கிறீர்கள்? டச்சுக் கம்பெனி கேப்டவுனுக்கு அடிமைகளாகப் பிடித்துப்போனவர்கள் மடகாஸ்கர், ஜாவா, வங்காளம், நம் சோழமண்டலக் கரை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்களும் எஜமானரின் டச்சைப் பேசிப் பேசி வளைத்ததில் உருவான மொழி அது. கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். அப்படி எழுதிய அபு பக்கர் எஃபெண்டியின் மார்க்க நூல் 1877-ல் அச்சாகிவிட்டது. அது அரசு மொழியானதோ 1925-ல்தான். இன்றும் குழம்புக்கு அங்கே 'கெர்ரி' என்றுதான் பெயர். நம் கறிதான் அது!

நெய்தல்:
சரி, என் கோபமே அங்கேதான். அந்த அடிமைகளின் வம்சத்தை நிறவெறி ஆட்சியில் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியிலிருந்து பெயர்த்து, ஊருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளியில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அங்கிருந்து வந்த ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி என்ற ராப் குழு 1990-லேயே 'டாலா ஃபிளாட்' என்று கேப் பேச்சுவழக்கில் ராப் பதிவு செய்துவிட்டது. 1994-ல் மண்டேலா பதவியேற்றபோது மேடையில் பாடியவர்கள் அவர்கள். ஆப்பிரிக்கான்ஸ் ராப் பற்றிய இழையில் மூன்று பதிவு தாண்டியும் அவர்கள் பெயர் வரவில்லையே!

இசைப்பித்தன்:
அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். பிட்டர்ஐண்டர் என்ற பெயர் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வெள்ளையர் பாடினாலே ஆட்சியின் குரல் என்று ஒதுக்காதீர்கள். 1989-ல் யோஹானஸ் கெர்கோரெல், கூஸ் கொம்பைஸ் எல்லாம் ஊர் ஊராகப் போய் இதே மொழியில் போத்தாவின் நிறவெறி அரசைக் கிழித்தார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள்ளேயே விடவில்லை. வீட்டுக்குள்ளிருந்து எழுந்த எதிர்ப்பு அது. பிட்டர்ஐண்டரை அந்த வரிசையில் வைத்துத்தான் கேட்கிறேன்.

நெய்தல்:
1989-ல் பாடியவர்கள்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அவர்கள் யாரை எதிர்த்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். பிட்டர்ஐண்டர் பற்றி எழுதியதில் தொண்டையும் நாக்கும் டிரம் மெஷினும்தான் இருக்கின்றன. பாட்டில் என்ன சொல்கிறார்கள்? ஒரு பாட்டையாவது வரிக்கு வரி பொருள் சொல்லி இங்கே போடுங்கள். அப்புறம் நானும் கேட்கிறேன்.