மெயின் ரோட்டில் எங்கள் கணக்குக்கு ஒரு பலகை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தலவாக்கலைப் பக்கம், ஆட்டோ ஓட்டுபவர்:

பதினொரு வருஷமாக ஏ7 வீதியில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில்தான் ஸ்டாண்ட். தோட்டத்தின் ஒரு பிரிவைத்தான் நாங்கள் கணக்கு என்போம். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பலகை இருக்கிறது, டெவனுக்கு இருக்கிறது, தேயிலை விற்கும் கடைகளுக்கும் இருக்கிறது. அந்தக் கொழுந்தை எடுக்கிற சனம் குடியிருக்கும் இடத்துக்கு இல்லை. வழி கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள்தான் பலகை.

போன மார்கழியில் ஒரு ராத்திரி, நல்ல பனிமூட்டம். ஒரு வேன் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தது. மூன்றாம் தடவை எங்கள் பக்கத்தில் நின்றது. எழுபது வயது தாண்டிய ஒரு ஐயா கண்ணாடியை இறக்கி, "தம்பி, கல்லுமலைக் கணக்கு எந்தப் பக்கம்?" என்றார். ஸ்டாண்டில் இருந்த பொடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேன்காரரின் போன் மேப்பிலும் அந்தப் பெயர் இல்லை. அதில் இருப்பது அந்தக் காலத்துத் துரை வைத்த பெயர். எனக்குத் தெரிந்ததென்றால் அது என் அப்பாயி புண்ணியம். சாகும்வரை அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

ஐயா கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். 77-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போன குடும்பம். பிறந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம், மகன் கூட்டி வந்திருக்கிறார். நான் முன்னால் போய் வழி காட்டினேன். போய் இறங்கினால் அவருக்கு லயமே பிடிபடவில்லை. கூரைத் தகரம் மாறிவிட்டது, இஸ்தோப்பையெல்லாம் (முன் திண்ணை) அடைத்து அறையாக்கிவிட்டார்கள். தடுமாறிக்கொண்டு நின்றார். அப்புறம் டோர்ச் வெளிச்சத்தில் லயத்துக் கோடியில் இருக்கும் முனியாண்டி கல்லைக் கண்டார். பக்கத்தில் துருப்பிடித்த சூலம், ஒரு முனை உடைந்தது. "இது அப்பவே இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

அன்றைக்கு நான் சவாரி போயிருந்தால் அவர் பார்க்காமலே திரும்பியிருப்பார். அந்த நினைப்பு என்னை விடவில்லை. உங்கள் தோட்டங்களில் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

பண்டாரவளை, ஆசிரியை:

அண்ணே, மெயின் ரோடு இருக்கட்டும், எங்கள் வாசலுக்கே முகவரி கிடையாது. வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. இருநூறு வீட்டுக்கும் ஒரே முகவரி: தோட்டத்தின் பெயர், தபாற்கந்தோரின் பெயர். கடிதமெல்லாம் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள்.

என் தம்பிக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தம்பியின் பெயரிலேயே பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்க லயத்தில், ஒரு பெரியவர் இருந்தார், கடிதம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. சிங்களத்தில் இருந்ததால் ஈபிஎஃப் (சேமலாப நிதி) காகிதம் என்று நினைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பரீட்சை முடிந்து நான்காம் நாள் கடிதம் எங்கள் கைக்கு வந்தது. அம்மா உறையைத் தடவிக்கொண்டே இருந்தார். தம்பி இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

கொட்டகலை:

என் அக்கா கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் பக்கம் வியட்நாம்காரர்கள் நிறைய. 1975-இல் சைகோன் விழுந்த பிறகு அகதிகளாக வந்தவர்கள். கடை வைத்தார்கள், சாப்பாட்டுக் கடை போட்டார்கள், அந்த இடத்தை 'லிட்டில் சைகோன்' என்றார்கள். 1988-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜோர்ஜ் டியூக்மெஜியன் வந்து நெடுஞ்சாலைப் பலகையைத் திறந்து வைத்தார். இந்த வழியில் இறங்கினால் லிட்டில் சைகோன் என்று அரசாங்கமே எழுதிப் போட்டது. அக்கா படம் எடுத்து அனுப்பியபோது வெறும் பச்சைப் பலகைதானே என்று நினைத்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன். பதின்மூன்று வருஷம்.

எங்கள் மலையகச் சனம் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் என்று 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கடைசி நாள் நானும் சேர்ந்து நடந்தேன். வழியில் பார்த்த பெயர்களையெல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். துரைமாரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எங்கள் மலைகளுக்கு வைத்தார்கள்: டன்கெல்ட், ஹோலிரூட், எடின்பரோ, டன்சினன். அவர்கள் போய்விட்டார்கள், பெயர் நிற்கிறது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து காட்டை வெட்டியவர்கள் வைத்த பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் பட்டதில்லை. வாயில்தான் இருக்கிறது. அதைச் சொல்கிற கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மஸ்கெலியா, பிரதேச சபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்:

தம்பிமாருக்கு ஒரு விஷயம். 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுதான் நீண்ட காலம் எங்கள் கையைக் கட்டியது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது இடம் கொடுக்கவில்லை. சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, ஆனால் அந்தச் சனத்தின் பாதைக்கு ஒரு லைட் போட முடியாது. 2018-இல்தான் திருத்தினார்கள். அதனால் உள்பாதைக்குப் பெயர், லயத்துக்கு இலக்கம் என்று இப்போது சபையில் கேட்கலாம். ஏ தர வீதியோரப் பலகை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வேலை. கடிதம் எழுதும்போது மூன்று மொழியிலும் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் பிழையாக வந்துவிடும், பிறகு அழிக்கவே முடியாது. தமிழை விட்டுவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போடலாம். தமிழும் அரசகரும மொழி என்று 1987-இலேயே அரசியலமைப்பில் சேர்த்தாயிற்று.

தலவாக்கலைப் பக்கம், ஆட்டோ ஓட்டுபவர்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அக்கா, உங்கள் தம்பியின் கதையை ஸ்டாண்டில் வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் போன ஞாயிறு ஒரு பழைய கூரைத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, வெள்ளை அடித்து, நீலத்தில் எழுதினோம். எந்தப் பெயரை எழுதுவது என்று பெரிய வாக்குவாதம். தோட்டத்துப் பெயரைத்தானே எல்லோரும் தேடுவார்கள் என்றான் ஒருவன். அதுவும் சரிதான். கடைசியில் இரண்டையும் எழுதினோம். மேலே கல்லுமலைக் கணக்கு, பெரிய எழுத்தில். கீழே தோட்டத்தின் பெயர். சிங்களத்தில் எழுதித் தந்தது எங்கள் ஸ்டாண்டிலேயே ஓடும் சிங்களத் தம்பி. "கல்லுமலை"யில் வரும் "ள்ளு"வா "ல்லு"வா என்று மூன்று தடவை கேட்டுத்தான் எழுதினான்.

மழைக்கு அது எத்தனை மாசம் நிற்குமோ. அதற்குள் அரசாங்கப் பலகை வர வேண்டும். மஸ்கெலியா ஐயா சொன்னபடி திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறோம். பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்தே கேட்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் கணக்குக்கு வீட்டில் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் இங்கே போடுங்கள். ஞாயிறு ராத்திரி வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.