பேக்கப் ஓடவில்லை, ஸ்கிரிப்ட் மட்டும் 'முடிந்தது' என்கிறது

புதுநிர்வாகி: வணக்கம். உபுண்டு 22.04. இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) வழியாக, டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் வெளியீட்டைச் சுருக்கும் ஜிஜிப்புக்குப் பைப் செய்து (நேராக அனுப்பி) பேக்கப் எடுக்கிறோம். ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் 'செட் -ஈ' (பிழை வந்தால் நிறுத்து) இருக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியதிலிருந்து கோப்பு எல்லாமே 20 பைட். லாகில் மட்டும் தினமும் 'பேக்கப் முடிந்தது'. ஏன் நிற்கவில்லை?

கருந்திரை: பைப்பில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடுதான் (0 என்றால் வெற்றி) கணக்கு. டம்ப் செத்தாலும் ஜிஜிப் காலி உள்ளீட்டை ஒழுங்காகச் சுருக்கி 0 தந்துவிடும். உங்கள் 20 பைட் அதுதான்: தலைப்பு 10, வால் 8, நடுவில் 2. 'ஜிஜிப் -டி' போட்டுச் சோதித்தாலும் நல்ல கோப்பு என்றே சொல்லும்! 'செட் -ஓ பைப்ஃபெயில்' சேருங்கள், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே வரும்.

புதுநிர்வாகி: சேர்த்தேன் அண்ணா. கையால் ஓட்டினால் நிற்கிறது. கிரானில் 'இல்லீகல் ஆப்ஷன்' என்கிறது. முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லாக, பாஷ்தான் இருக்கிறது.

கருந்திரை: கிரான்டேபில் (கிரானின் பட்டியலில்) 'எஸ்ஹெச் பேக்கப்.எஸ்ஹெச்' என்று கூப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் முதல் வரி வெறும் கமெண்ட். உபுண்டுவில் எஸ்ஹெச் என்பது 6.10 முதலே டாஷ் என்ற வேறு ஷெல், 22.04-இல் உள்ள டாஷுக்குப் பைப்ஃபெயில் தெரியாது. நேராக பாஷ் போட்டுக் கூப்பிடுங்கள்.

புதுநிர்வாகி: ஆமாம், அதேதான். இப்போது நிற்கிறது. ஆனால் ட்ராப்பில் ஈஆர்ஆர் வைத்து (பிழை வந்தால் ஓடும் கட்டளை) மெயில் அனுப்பச் சொன்னேன், அது வரவில்லை.

டெர்மினல்தோழி: டம்ப் வரி ஃபங்ஷனுக்குள் இருக்கிறதா? ஈஆர்ஆர் ட்ராப் தானாக ஃபங்ஷனுக்குள் போகாது. 'செட் -ஈ'யில் கேப்பிட்டல் ஈயும் சேர்க்க வேண்டும். ட்ராப் கட்டளையை ஒற்றை மேற்கோளில் வையுங்கள். இரட்டை என்றால், பிழை வந்த வரி எண்ணைச் சொல்லும் லைன்நம்பர் ட்ராப் வைத்த வரியிலேயே நின்றுவிடும்.

'இஃப்' நிபந்தனையிலோ '||' (அல்லது) குறியின் இடப்பக்கமோ அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால் உள்ளே 'செட் -ஈ' வேலை செய்யாது. அது பாஷ் குறை இல்லை, பாசிக்ஸ் (ஷெல்களுக்கான பொதுத் தரம்) விதியே அப்படி. (எரிச்சலான விதி.) டம்ப் வரியில் '2>/டெவ்/நல்' (பிழைச் செய்தியை மறைப்பது) இருந்தால் அதையும் தூக்குங்கள்.

புதுநிர்வாகி: இருந்தது, எடுத்துவிட்டேன். மெயில் வந்தது: எக்ஸிட் 2. லாகில் 'எரர் 1045', அனுமதி மறுப்பு. பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன். நன்றி அக்கா.

டெர்மினல்தோழி: மாற்றும் முன் ஒன்று. பழைய பேக்கப்பை அழிக்கும் வரி ஸ்கிரிப்டில் இருந்தால் இப்போதே கமெண்ட் செய்யுங்கள். 20 பைட் இல்லாத கடைசிக் கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். இனி டம்ப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, வெற்றி என்றால் மட்டும் எம்வி (பெயர் மாற்றம்) செய்யுங்கள்.