கடைக் கணக்கை வங்கி மூடுகிறது: 'நற்பெயர் ரிஸ்க்' மாற்றம் எனக்கு உதவுமா?

ஹூஸ்டன் கடைக்காரர்:
கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த சின்னக் கடை. 2021-இல் ஓரமாகச் செக் மாற்றும் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் திறந்தோம். வெள்ளிக்கிழமை மாலையானால் கூரை வேலை பார்ப்பவர்கள் சம்பளச் செக்கை மடித்துப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுப்பேன். போன வாரம் வங்கியிலிருந்து கடிதம்: 30 நாளில் கணக்கு மூடப்படுமாம். 'உங்கள் தொழில் எங்கள் ரிஸ்க் கொள்கைக்குப் பொருந்தவில்லை' என்று ஒரே வரி. கிளை மேலாளர் கையை விரிக்கிறார். வாடிக்கையாளரால் வங்கியின் பெயர் கெடும் ('நற்பெயர் ரிஸ்க்') என்று சொல்லி இனிக் கணக்கை மூட முடியாது என்று படித்தேன். அதை வைத்துக் கேட்கலாமா?

காம்ப்ளையன்ஸ் தம்பி:
அண்ணா, பாதிதான் சரி. அந்த மாற்றம் முதலில் கட்டிப்போட்டது கண்காணிப்பு அதிகாரிகளின் கையை. 2025 மார்ச்சில் ஓசிசியும் (தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஜூனில் ஃபெடரல் ரிசர்வும் (அமெரிக்க மத்திய வங்கி) வங்கி ஆய்விலிருந்து நற்பெயர் ரிஸ்க்கை எடுத்துவிட்டன. நல்ல வேலை என்பேன். கொடுத்த கடன் திரும்பி வராமல் போவதை எண்ணிக் காட்டலாம். பெயர் கெடுவதை எதை வைத்து அளப்பது? 2013-இல் அமெரிக்க நீதித்துறை தொடங்கிய 'ஆபரேஷன் சோக் பாயிண்ட்' (சில தொழில்களுக்கு வங்கிகள் சேவை தருவதை விசாரித்த திட்டம்) காலத்தில், சட்டப்படி தொழில் செய்தவர்களே கணக்கு இழந்ததாகப் புகார் எழுந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரி முகம் சுளித்தாலே வங்கி பயந்துவிடும், அண்ணா.

2025 ஆகஸ்டில் வந்த அதிபர் உத்தரவு, அரசியல் காரணத்துக்காகக் கணக்கை மூடும் வங்கிகளையும் விசாரிக்கச் சொல்கிறது. ஆனால் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரே நாளில் 1,000 டாலருக்கு மேல் செக் மாற்றினால் ஃபின்சென் (சட்டவிரோதப் பணத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தீர்களா?

ஹூஸ்டன் கடைக்காரர்:
இல்லையே தம்பி! 2021-இல் பதிந்ததோடு சரி.

காம்ப்ளையன்ஸ் தம்பி:
அப்படியானால் முடிச்சு அங்கேதான் இருக்கலாம். இன்றே ஆன்லைனில் புதுப்பியுங்கள், கட்டணம் கிடையாது. அந்த ரசீதையும், கடையில் நீங்கள் கடைப்பிடிக்கும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு நடைமுறை ஆவணத்தையும் சேர்த்து, மறுபரிசீலனையும் கால நீட்டிப்பும் எழுத்தில் கேளுங்கள். மேலாளர் காரணம் சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள். சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே சட்டம் விடாது.

டல்லாஸ் அக்கா:
பதில் வரும்வரை சும்மா இருக்காதே தம்பி. பக்கத்தில் உள்ள சிறிய வங்கியில், செக் ஜன்னல் இருப்பதை முதலிலேயே சொல்லிக் கணக்குக் கேள். இந்த வங்கி மேல் புகார் கொடுப்பதென்றால் அதன் பெயரைப் பார்: 'நேஷனல்' அல்லது 'என்.ஏ.' என்று இருந்தால் ஓசிசி. மாநில வங்கியென்றால் எஃப்டிஐசி (வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பு) அல்லது ஃபெடரல் ரிசர்வ்.

ஹூஸ்டன் கடைக்காரர்:
புதுப்பித்துவிட்டேன். கடிதத்தை நாளை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா, தம்பி.