லட்லோ: பழைய சந்தைத் திடல் எங்கே? 33 அடி மனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி (வரைபடப்பித்தன்):
இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயரின் லட்லோ, நார்மன் காலத்தில் (11–12ஆம் நூற்றாண்டு) திட்டம் போட்டுக் கட்டிய சந்தை ஊர் என்கிறார்கள். பிராட் ஸ்ட்ரீட், மில் ஸ்ட்ரீட் இரண்டும் ஆற்றை நோக்கி நேராகத்தான் இறங்குகின்றன. ஆனால் கோட்டைக்கும் புல் ரிங் என்ற தெருவுக்கும் நடுவே மட்டும் ஹார்ப் லேன், சர்ச் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று ஒரே சந்துபொந்து. ஏன்? பிராட் ஸ்ட்ரீட்டில் கண்ணில் படுவதெல்லாம் ஜார்ஜிய காலத்துச் (18ஆம் நூற்றாண்டுவாக்கில்) செங்கல். பழைய மனையளவு அதில் எப்படித் தெரியும்?

பதில் (கல்தச்சன்):
அந்தச் சந்துபொந்துதான் சந்தை. கோட்டை வாசலிலிருந்து புல் ரிங் வரை ஒரே நீளத் திடலாக இருந்தது. சாயங்காலம் பிரிக்க வேண்டிய கடைகள் பிரிக்கப்படாமல் நின்று, கூரை போட்டு, மாடி ஏறின. வரிசைகளுக்கு நடுவே ஆள் நடந்த இடைவெளிதான் இன்றைய சந்து. சுத்தமான ஆக்கிரமிப்பு, வயதாகிவிட்டதால் பாரம்பரியம் என்கிறோம். அந்தக் கட்டிடங்களுக்குக் கொல்லைப்புறம் இருக்காது, சுற்றிலும் தெருதான். அதை வைத்தே பிடித்துவிடலாம். கோட்டை வாசல் முன்னால் இருக்கும் காஸில் ஸ்கொயர் சதுக்கம் மட்டும் மிச்சம். அதிலும் ஒரு விக்டோரிய மார்க்கெட் ஹால் 1986-ல் இடிக்கப்படும் வரை உட்கார்ந்திருந்தது.

பதில் (பெர்ச்கோல்):
முகப்பு மாறும், மனை எல்லை அவ்வளவு லேசில் மாறாது. பர்கேஜ் மனையின் (இடைக்காலத்தில் ஊர்வாசிகளுக்கு வாடகைக்குப் பிரித்துக்கொடுத்த மனை) அகலம் 2 பெர்ச் (பழைய நீள அளவு, ஒரு பெர்ச் 16½ அடி), அதாவது 33 அடி, ஏறக்குறைய 10 மீட்டர். கதவுக்குக் கதவு அளந்தால் கணக்கு உதைக்கும். பொதுச்சுவருக்குப் பொதுச்சுவர் அளக்க வேண்டும். வெளியிலிருந்து அந்தச் சுவரைக் காட்டிக்கொடுப்பவை மழைநீர்க் குழாய், செங்கல் நிறம் மாறும் செங்குத்துக் கோடு, கூரையில் புகைபோக்கி.

ஒரு எட்டுக்கு (காலடிக்கு) 75 செ.மீ. நடப்பவருக்கு அந்த 33 அடி 13 எட்டும் கொஞ்சமும் வரும். தெரு நல்ல சரிவு. இறங்கும்போது எட்டு நீளும், ஏறும்போது குறுகும். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். 16½ அடி வந்தால் பாதி மனை, 49½ அடி வந்தால் ஒன்றரை. 22 அடி வந்தால் அளந்தது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு மனையை மூன்றாகப் போட்டிருப்பார்கள். சந்தை நாட்களில் (திங்கள், புதன், வெள்ளி, சனி) திடல் பக்கம் அளப்பது வீண்வேலை.

பதில் (கல்தச்சன்):
ஒரு திருத்தம். "எல்லாம் ஜார்ஜியச் செங்கல்" என்பது பாதி உண்மை. பல வீடுகளில் செங்கல் வெறும் சட்டைதான், உள்ளே மரச்சட்டகம் அப்படியே நிற்கும். பக்கவாட்டு நடைவழி திறந்திருந்தால் உத்தரத்தைப் பாருங்கள். முகப்பின் மேல்விளிம்புக்குப் பின்னால் கூரை மிகச் செங்குத்தாக எழுந்தாலும் சந்தேகப்படலாம்.

பட்டர்கிராஸ் என்ற கட்டிடத்தைப் பார்த்து இடைக்காலம் என்று ஏமாறுவதும் வழக்கம். அது 1740-களில் வில்லியம் பேக்கர் கட்டியது. ஃபெதர்ஸ் ஓட்டலின் மரமுகப்பும் 1619-தான். நிஜமான இடைக்கால நகர மதில் வாசல் வேண்டுமென்றால் பிராட் ஸ்ட்ரீட் அடிவாரத்துக்குப் போங்கள். ஏழு வாசல்களில் பிராட்கேட் ஒன்றுதான் மிஞ்சியது.

கேள்வி (வரைபடப்பித்தன்):
நன்றி, தெளிந்தது. கட்டிடம் தவிர, சந்தை வாழ்க்கையைக் காட்டும் எதுவும் மிச்சமிருக்கிறதா?

பதில் (பெர்ச்கோல்):
செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். பாடகர் இருக்கைகளுக்கு அடியில் 28 மரச்செதுக்கல்கள் இருக்கின்றன. மடக்குப் பலகையைத் தூக்கினால்தான் தெரியும். ஒன்றில், அளவில் ஏமாற்றி மது விற்றவளைப் பேய் தோளில் போட்டு நரகத்தின் வாய்க்குத் தூக்கிப் போகிறது. கள்ளக் குவளை அவள் கையிலேயே இருக்கிறது.