குவாதலூப் தீவுக்குப் போவதென்றால் எதைப் பார்ப்பது?

கேள்வி (பினாங்கு):
கரீபியனில் தமிழர் போன தீவு என்கிறார்கள். ஒரு வாரம் போதுமா? எந்த மாதம் நல்லது?

பதில் 1 (பிரிக்பீல்ட்ஸ்):
போதும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பாரிஸ் வழியாகப் போனால் இறங்கும் விமான நிலையமும் ஏறும் நிலையமும் வேறாக இருக்கலாம், டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பிரான்சின் பகுதிதான், ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. செலவு யூரோவில். நம்ம மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. நேரம் நம்ம மலேசியாவைவிட சரியாக 12 மணி பின்னால்.

பதில் 2 (ஜார்ஜ்டவுன்):
வரலாறுதான் முக்கியம் அண்ணே. 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறியவர்கள் நிறைய. நம்ம தோட்டக் கதையேதான், மொழி மட்டும் அங்கே கரைந்துவிட்டது. மாரியம்மன் ‘மலியேமன்’ ஆகிவிட்டாள். கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் சாங்ஜி கோவிலைப் பாருங்கள். அடிமை வரலாற்றுக்கு புவாந்த்-ஆ-பித்ரில் 2015-இல் திறந்த மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகம்.

பதில் 3 (கிள்ளான்):
லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். மலைப்பாதை தொடங்கும் பென்-ஜோனிலிருந்து காலையிலேயே ஏறுங்கள். பிந்தினால் உச்சியை மேகம் மூடிவிடும். மழைக்கோட்டு அவசியம். கந்தகப் புகை வரும் பகுதியில் வேலி தாண்டவேண்டாம். ‘கொலொம்போ’ என்பது நம்ம கறிதான், காரம் குறைவு, மிளகாய் தனியாகக் கேளுங்கள்.