சிறிய உதவித்தொகையில் சென்னையில் ஆய்வுப் படிப்பு: எதைக் குறைப்பது, எதை விடாமல் வைத்துக்கொள்வது?

கேள்வி: திருவல்லிக்கேணி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு மாணவனாக இருக்கிறேன். திருவல்லிக்கேணியில், தனியாக வாழும் ஆண்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு மேன்ஷனில் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்து தங்கியிருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் தேர்வில் தேறினேன் என்றாலும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குரிய மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆகவே 2023 ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகைக்கும் எனக்கும் தொடர்பில்லை. அதில் ஒரு சிறு பங்களவே ஆகும் வேறோர் உதவித்தொகைதான் எனக்கு வருகிறது. அதுவும் மாதந்தோறும் வராமல் சில மாதங்களுக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் வருகிறது. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து இடைப்பட்ட மாதங்களை ஓட்டுகிறேன்.

செலவைக் குறைக்கும் வழிகளைப் பெரும்பாலும் கற்றுக்கொண்டுவிட்டேன். என் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்ததில், காலையில் எழும்போது அன்றைக்கென்று ஆசையோடு எதிர்பார்க்க எதுவுமே இல்லாமல் போய்விட்டது. துறை நண்பர்கள் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் வேலை இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களை விரிக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. பணம் கொஞ்சம் மிஞ்சுகிறது; ஆனால் இரவில் மேசை முன் உட்கார்ந்தால் ஒரு பத்தி எழுதுவதற்கான மனநிலைகூட வாய்ப்பதில்லை. இந்த நகரத்தில் இதே நிலையில் ஆய்வை முடித்தவர்கள், அல்லது முடித்துக்கொண்டிருப்பவர்கள், எந்தச் சிறிய இன்பங்களைக் கைவிடாமல் வைத்திருந்தீர்கள், அவற்றுக்கு எப்படி இடம் ஒதுக்கினீர்கள் என்று விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: எழும்பூர் ஆவணம்

நண்பருக்கு வணக்கம். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நெடுநாள் உட்கார்ந்து தரவு திரட்டி, இப்போது ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பவன் நான். நீங்கள் சொல்லும் நிலையை நன்றாக அறிவேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தாற்போல் வரும் உதவித்தொகையை அது எத்தனை மாதங்களுக்கு உரியதோ அந்த எண்ணால் மட்டும் வகுத்தால் போதாது. அடுத்த தவணை தாமதமாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதங்களைக் கூட்டி வகுக்க வேண்டும். மூன்று மாதத் தொகை வந்தால் ஐந்து பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் அன்றாடக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மற்றதை எளிதில் கை வைக்க முடியாத அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிடுகிறேன். அந்த ஒரு பங்கிலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னதாக, மனத்துக்குப் பிடித்த காரியங்களுக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்துவைக்கிறேன். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது மிஞ்சவே மிஞ்சாது. முன்கூட்டியே ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்கும்போது மனம் உறுத்துவதும் இல்லை. இந்தத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எந்த மாதமும் அதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் தொகையில் எனக்கு முதலிடம் காப்பிக்கு. மேன்ஷனில் சமைக்க விட மாட்டார்கள் என்பதால் நாங்கள் மூவர் சேர்ந்து அடுப்படியோடு கூடிய ஒரு சிறு போர்ஷனுக்கு மாறினோம்; வாடகை சற்றே கூடினாலும் மெஸ் செலவு குறைந்ததில் அது ஈடாகிவிட்டது. சிக்கரி குறைவாகச் சேர்த்துக் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் 100 கிராம் தூள் மட்டும் வாங்குகிறேன். கூடுதலாக வாங்கினால் மணம் போய்விடும். மணம் போன பின் குடிப்பது வெறும் பழக்கத்துக்காகத்தான். இரவே பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டால், காலையில் கெட்டியான முதல் டிகாஷன் காத்திருக்கும். விடியற்காலையில் அந்த ஒரு டம்ளரைக் குடித்து முடிக்கும் வரை கைப்பேசியையும் தொடுவதில்லை, ஆய்வைப் பற்றியும் நினைப்பதில்லை. அதன் பின் எழுத உட்காரும்போது மனம் தெளிவாக இருக்கிறது.

காய்கறிக்கு ஜாம் பஜார் இருக்கிறது. கடை எடுத்துவைக்கும் நேரத்தில் போனால் விலையைக் குறைத்துத் தருவார்கள். ஞாயிறன்று புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து வைத்துக்கொண்டால் வார நாள்களில் சோறு வடிப்பது மட்டுமே வேலை. அடுப்படி இல்லாத நிலையில் அம்மா உணவகத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 2013இல் தொடங்கியபோது ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்த விலையைப் பின்னர் ஏற்றவில்லை. ஆய்வு மாணவர்கள் அங்கே போகக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நகரத்தை நடத்தும் உழைப்பாளிகளோடு நின்று சாப்பிடுவதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது? இப்படி மிச்சப்படுத்துவதில் ஒரு பகுதியைக் கொண்டு மாதம் ஒருமுறை, 1948 முதல் உங்கள் பேட்டையில் இருக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லியை நிதானமாகச் சாப்பிட்டு வாருங்கள்.

பதில்: பறக்கும் ரயில் பயணி

மேலே நண்பர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். எளிய வாழ்க்கையின் அழகைப் பேசும்போது, அந்த எளிமையை நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய்தான் வழங்கப்படுகிறது. அதையும் நிறுத்துவதென்று 2015இல் முடிவெடுக்கப்பட்டபோது, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன்பு மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். உதவித்தொகையை உயர்த்தக் கேட்பதும், தாமதமாகும்போது கூட்டாக மனுக் கொடுப்பதும் நம் சிக்கனத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை. இதை வலியுறுத்திச் சொன்ன பிறகே என் அன்றாடத்தைப் பற்றிச் சொல்ல மனம் வருகிறது.

என்னைத் தாங்கிய இன்பங்களில் பலவும், மேம்பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் பாதையை ஒட்டியே இருக்கின்றன. சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ ஏறினால் 5 ரூபாய்ச் சீட்டில் கோட்டூர்புரம் போய்விடலாம். 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் இரவு வரை குளிரூட்டிய அறையில், நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஓட்டு வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கு அந்தக் குளிர்ச்சி எவ்வளவு பெரிய கொடை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். இன்னும் சற்று தூரம் போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவான அந்த நூலகத்தில் நூறாண்டுப் பழமையான ஓர் இதழைப் புரட்டும் பிற்பகலுக்கு இணையாகக் காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொழுதுபோக்கையும் என்னால் சொல்ல முடியவில்லை. வரலாற்றுத் துறையில் இருக்கும் உங்களுக்கு இது வேலையாகவும் இன்பமாகவும் ஒருங்கே அமையும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் 1896ஆம் ஆண்டுப் பழைய கட்டடத்தையும், பக்கத்திலேயே அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரையும் பார்க்காமல் இருந்தால் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வேலை முடிந்த மாலைகளில் ஏதாவதொரு பேருந்தில் ஏறிச் சன்னல் ஓரமாக உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லையென்றாலும் மெரினா நடக்கும் தொலைவில்தானே இருக்கிறது.

திருவல்லிக்கேணி வாசகன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பங்கு கூடுதலாக வகுக்கும் முறையை அடுத்த தவணையிலிருந்தே பின்பற்றப் போகிறேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தனியாக அனுபவிக்கும் இன்பங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. நாலு பேரோடு சேர்ந்திருக்கும் இடங்களில் என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் பிறர் காசு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, நானே கொடுக்கவும் முடியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, நான் பல ஆண்டுகள் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்தவள். பணம் இல்லாததால் படிப்பை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் கூச்சத்தால் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் துறைக்கே வராமல் போனவர்களை நினைத்துத்தான் நான் அதிகம் வருந்தியிருக்கிறேன். ஆகையால் தேநீரை விடாதீர்கள். கூட்டிப் போகிறவர்களிடம் 'உதவித்தொகை இன்னும் வரவில்லை, வந்ததும் என் முறை' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் அதே நிலையில்தான் இருப்பார்கள். என் மாணவர்கள் சிலர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கடைக்குப் போவதை விட்டுவிட்டு, துறை வராந்தாவில் ஒருவர் பிளாஸ்கில் தேநீரும் இன்னொருவர் சுண்டலும் கொண்டுவர, எழுதிய இயலை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். செலவு ஏறக்குறைய இல்லை. ஆய்வேடுகளும் விரைவாக முடிந்தன.

மார்கழியில் சபாக்களுக்குப் போங்கள். மாலைக் கச்சேரிக்குத்தான் சீட்டு. இளம் கலைஞர்கள் பாடும் பிற்பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அடுத்த பத்தாண்டில் பெயர் பெறப்போகிறவர்களை முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமத்தில் பறையாட்டமும் கரகமும் தெருக்கூத்தும் பூங்காக்களிலும் திடல்களிலும் இலவசமாகவே நடக்கின்றன. அதே சனவரியில் வரும் புத்தகக் காட்சிக்கு ஓர் உண்டியல் வையுங்கள். 10 விழுக்காடு தள்ளுபடியில் ஒரே ஒரு புதுப் புத்தகம் வாங்கினாலும் போதும். மற்ற நாள்களில் பாரதி சாலை இருக்கிறது. எடுத்துப் புரட்டிப் பார்ப்பதற்கு அங்கே யாரும் காசு கேட்பதில்லை.

கடைசியாக, குறைக்கக் கூடாதவற்றில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பல்வலியையும் கண்வலியையும் உதவித்தொகை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எழும்பூர் கண் மருத்துவமனையும் உங்கள் இடத்திலிருந்து தொலைவில்லை. அதுபோல, பணம் வாங்கிக்கொண்டு சில நாள்களில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் இதழ்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அதற்கேற்ப மாறியிருக்கிறதா என்று ஆய்வுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.